எழுபது டிகிரி காட்டிய மெஷின்

போன மாதம் சர்வீஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு டிஷ்வாஷர் பராமரிப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். வந்தேன். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், மெஷினுக்குள் சுழன்று தண்ணீர் பீய்ச்சும் கைகளில் மிளகாய் விதையும் கறிவேப்பிலைக் காம்பும் அடைத்திருக்கும், ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தால் போதும், கதவு ரப்பரின் மடிப்பைத் துடைக்காத வீட்டில் மெஷின் நாறும் என்றெல்லாம் சொன்னேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அதெல்லாம் கம்பெனி தரும் புத்தகத்திலேயே படத்தோடு இருக்கிறது.

கடைசியில் ஒரு தங்கச்சி எழுந்து, "உங்க சர்வீஸ்ல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது சார்?" என்று கேட்டது. ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உங்கள் முகத்துக்கு நேரே நின்று பதில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. அதனால் எழுதித் தருகிறேன். மேனேஜர் இதை உங்களிடம் கொடுப்பாரா, கிழித்துப் போடுவாரா என்பது அவர் பாடு.

நான் முப்பது வருஷம் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பார்த்தவன். டிஷ்வாஷர் நம் ஊருக்கு வந்தது என் சர்வீஸின் கடைசிச் சில வருஷங்களில்தான். வாங்கியவர்களில் பாதிப் பேர், வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கித் தந்தான் என்பதற்காக வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் அதற்குள் வெங்காயம் கொட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு ரிட்டயர்டு கணக்கு டீச்சர், சமைத்த பாத்திரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்ட தட்டுக்கு ஒரு தடவை, நடுவில் எச்சில் போவதற்காக வெறும் மெஷினை ஒரு தடவை என்று ஓட்டுவார். தண்ணீர் வீணாகிறதே என்று சொன்னால், "மெஷினுக்கு எச்சில் தெரியாது, நமக்குத் தெரியும்லா" என்பார். இந்த மாதிரி வீடுகளில் மெஷின் பத்து நாள் நின்றாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அந்த நினைப்பிலேயே நானும் வேலை பார்த்துப் பழகிவிட்டேன்.

மச்சாது அண்ணாச்சி வீடு அப்படிப்பட்ட வீடு இல்லை. அவருக்குச் சொந்த ஊர் புன்னக்காயல். இருபத்தைந்து வருஷம் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருந்தவர். ஒரே மகள் ஜெனிக்கு இருபத்திரண்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அவர் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். மதுரையில் ஆபரேஷன் முடிந்து, அவசரத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று ஊரை விட்டுப் பாளையங்கோட்டையில் வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அந்தப் பிள்ளை தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். நமக்கு இரண்டு நாளில் சரியாகிற வயிற்றுப்போக்கு அவளுக்கு உயிர்க் கண்டம். தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் கிருமி சாகிற சூட்டுத் தண்ணீரில் கழுவியதாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, மறுநாளே மெஷினுக்குச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

நான்தான் போய் மாட்டினேன். முதல் தடவை ஓடியபோது ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டார். "பம்பு நல்லா இருக்கு வே" என்றார். முடிந்து கதவைத் திறந்ததும் ஆவி குப்பென்று அடித்து அவர் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார். எழுபது டிகிரி என்று திரையில் பச்சையாக எரிந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு மெஷினை அவ்வளவு பாசமாகப் பார்த்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே என் முதல் பிழை நடந்தது. நம் ஊர் போர் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை மென்மையாக்குவதற்கு மெஷினுக்குள் ஒரு தொட்டி உண்டு. அதில் போடுவதற்கென்று சுத்தம் செய்த உப்பு தனியாக விற்கிறார்கள். அதைச் சொன்னதும் அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உப்பக் கடையில வாங்கணுமா? என் மச்சினன் உப்பளத்துலதான் இருக்கான். மூட்ட மூட்டயா அனுப்புவான். இதவிட நல்ல உப்பு ஒலகத்துல எங்கன வே கெடைக்கும்?"

உள்ளே போய்ச் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை வெளேரென்று கல்லுப்பு. சமையலுக்கு அதைவிட நல்ல உப்பு கிடையாதுதான். ஆனால் பாத்தியில் வாரிய உப்பில் கண்ணுக்குத் தெரியாத சேறு இருக்கும், அது தொட்டியை அடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். "இது ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லியிருக்க வேண்டும். கடற்கரைக்காரரிடம் போய் உங்கள் ஊர் உப்பு அழுக்கு என்று எப்படிச் சொல்ல என்று கூச்சப்பட்டுக்கொண்டு, "நல்லா சுத்தமா பாத்துப் போடுங்க" என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும்போது அவர் மனைவி பிலோமி அக்கா ஒரு பையில் ஊளி மீன் போட்டுக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து மெஷின் நின்றுவிட்டது என்று போன் வந்தது. போய்த் திறந்தேன். உப்புத் தொட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் சேறு. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரைச் சுற்றிச் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்து, உள்ளே அது எரிந்து போயிருந்தது. காரணம் தெரிந்துவிட்டது. சொன்னால் மனிதர் மனது நோகும், நான் முன்பே சொல்லாததும் வெளியே வரும். சத்தம் காட்டாமல் சேற்றை வழித்துக் கழுவிவிட்டு, "ஹீட்டர் போயிருச்சு அண்ணாச்சி, சென்னையில இருந்து வரணும், பத்து நாள் ஆகும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பத்து நாளா? அதுவர பிள்ளைக்கு?"

பிலோமி அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "பத்து நாள்தான? நான் பெரிய சட்டியில வெந்நி போட்டு, அவ பாத்திரத்த மட்டும் அதுல முக்கி எடுக்கேன்" என்றார்.

தம்பிகளா, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த அம்மா சொன்னதுதான் சரியான வழி. ஒரு சட்டி, ஒரு அடுப்பு, பத்து நாள். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. "அக்கா சொல்றதுதான் சரி" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அண்ணாச்சி அவரைப் பார்த்து, "நீ சும்மா இரு. ஒரு நாள் கொதிக்க வப்ப, ஒரு நாள் மறந்துருவ" என்று அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நடுக்கடல்ல இன்ஜின் நின்னா ஸ்பேர் வரட்டும்னு யாரும் ஒக்காந்திருக்க மாட்டான் வே. என்னத்தயாவது மாட்டி ஓட்டிருவோம். நீரும் நம்மாளு. ஒமக்குத் தெரியாத வழியா?"

இந்த இடத்தில்தான் விழுந்தேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ வீட்டில் என்னை வெளியே செருப்புப் பக்கம் நிற்க வைத்திருக்கிறார்கள். இன்ஜின் தெரிந்த ஒரு மனிதர் என்னைத் தன் ஆள் என்று சொன்னது தலைக்கு ஏறிவிட்டது. அதே நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்து, கம்ப்ளெயின்ட்டை இன்றைக்கே முடித்தாக வேண்டும், மேலே கேட்கிறார்கள் என்றார். மேனேஜர் மேல் பழியைப் போட நான் இதைச் சொல்லவில்லை. அவர் போன் செய்யாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

தண்ணீர் எவ்வளவு சூடு என்று மெஷினை நடத்தும் போர்டுக்குச் சொல்வது ஒரு சின்ன சென்சார். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்தால், தண்ணீர் எப்போதும் எழுபதில் இருப்பதாகப் போர்டு நம்பிவிடும். நிற்காமல் ஓடும். குழாயில் வருகிற பச்சைத் தண்ணீரிலேயே கழுவி முடித்துவிட்டு, திரையில் எழுபது என்று காட்டும். இந்த வித்தை உங்களில் சிலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லித் தரவில்லை, எதைச் செய்யக்கூடாது என்று சொல்கிறேன்.

மாட்டி முடித்தேன். மெஷின் ஓடியது. "எழுபது வருமா?" என்று கேட்டார். திரையைக் கை காட்டினேன். அவர் என் தோளில் தட்டினார். ஹீட்டர் வந்ததும் புதிதாகப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சோப்பு மாத்திரை போடுகிறார்களே, பத்து நாள்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நாலாவது நாள் மழை பிடித்தது. அந்த மழையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆறு கரை மீறி வண்ணாரப்பேட்டைக்குள்ளும் ஜங்ஷனுக்குள்ளும் வந்தது. ரயில் நின்றது, லாரி நின்றது, என் ஹீட்டர் எங்கேயோ ஒரு குடோனில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேற்றோடு மல்லாந்து கிடந்தன. எங்கள் சர்வீஸ் சென்டர் வாசலில் ஆட்கள் நிற்க இடமில்லை. நான் சாப்பிட மறந்து வேலை பார்த்தேன். மச்சாது அண்ணாச்சி வீட்டை மறந்தே போனேன். மறந்தேன் என்று எழுதியதும் கை நிற்கிறது. உண்மையில் நினைப்பு வந்தபோதெல்லாம் தள்ளித் தள்ளி வைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில், முழங்கால் வரை சேறோடு ஒரு ஃபிரிட்ஜைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி போன் செய்தார்.

"வே, ஒரு சின்னச் சந்தேகம். கதவத் தொறந்தா முந்தி மாதிரி ஆவி அடிக்கலியே. தட்டும் குளுந்து கெடக்கு."

ஸ்பேனரைத் தரையில் வைத்தேன். வீட்டுக்காரர் எதிரே நின்று நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ காலம்லா அண்ணாச்சி, சீக்கிரம் ஆறிரும். திரையில எழுபது காட்டுதா?"

"காட்டுது."

"அப்போ சரியாத்தான் இருக்கு."

"சரி வே. இல்ல, வெள்ளத் தண்ணி எங்க வீட்டு சம்ப்புக்குள்ள இறங்கிட்டு. குடிக்கதுக்குக் கொதிக்க வச்சிருதோம். பாத்திரத்துக்கு மெஷின் இருக்குன்னு தைரியமா இருக்கேன். அதான் கேட்டேன்."

வீட்டுக் குழாய்க்கெல்லாம் தண்ணீர் ஏறுவது தரைக்கடியில் இருக்கும் அந்தச் சம்ப்பிலிருந்துதான். அந்தத் தண்ணீரில்தான் அந்தப் பிள்ளையின் தட்டும் டம்ளரும் பச்சையாகக் கழுவப்படுகின்றன. "அண்ணாச்சி, இன்னைக்கே மெஷின நிறுத்துங்க, வெந்நியில முக்குங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு. ஆனால் அதைச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வருமே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு, "ரெண்டு நாள்ல வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஃபிரிட்ஜைப் புரட்டி முடித்தேன். என்னவெல்லாம் கழற்றினேன், என்னவெல்லாம் மாட்டினேன் என்று ஒன்றும் இப்போது நினைவில்லை.

ஹீட்டர் வந்து சேர அதற்கு மேல் ஒரு வாரம் ஆயிற்று. பார்சலைப் பிரித்ததும் அவருக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரியில இருக்கோம் வே. பிள்ளைக்கு வயித்தால போகுது, நிக்கவே இல்ல" என்றார்.

ஹீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், நம்பினால் நம்புங்கள். வராந்தாவில் ஒரு டாக்டரம்மா அண்ணாச்சியிடம் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். வெளியே சாப்பிட்டாளா? இல்லை. குடிதண்ணீர்? கொதிக்க வைத்தது. பாத்திரம்?

"பாத்திரமெல்லாம் எழுபது டிகிரில கழுவுதோம் டாக்டர். அதுக்குன்னே மெஷின் வச்சிருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

டாக்டரம்மா தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் மூன்றடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பைக்குள் ஹீட்டர் கனத்தது. எனக்கு ரிட்டயர் ஆக நான்கு மாதம் இருந்தது. போலீஸ் வரும், கம்பெனி கைகழுவும், பேப்பரில் வரும் என்று மனது எங்கெங்கோ ஓடியது. இப்போது சொல்லிவிடலாம், இதோ இப்போது என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பிலோமி அக்கா அழுதுகொண்டே முன்னால் வந்தார். "டாக்டர், நான்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலம்மான்னு பிள்ள கேட்டா. பக்கத்து வீட்டுல வாங்கி ஒரே ஒரு கரண்டி தயிர் குடுத்தேன்."

வீட்டில் உறை ஊற்றிய தயிர் கூடாது என்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு விடும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். அண்ணாச்சி மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது.

எனக்கு அந்த நேரம் நிம்மதி வந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். கேவலமான மனிதன் என்று நீங்கள் நினைப்பது சரிதான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "ஹீட்டர் வந்துட்டா? நல்லதாப் போச்சு. போயி மாட்டி வச்சிரும். பிள்ள வரும்போது எல்லாம் நல்லா ஓடணும்."

ஆளில்லாத வீட்டைத் திறந்து, அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்தேன். ஃபில்டரைத் தூக்கினேன். அடியில் செம்மண் கலரில் வழவழவென்று ஒரு கசடு. ஆற்றுச் சேற்று வாடை அடித்தது. அதில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால், அதில் என்ன கிருமி, பிள்ளையின் வயிற்றில் என்ன கிருமி, இரண்டும் ஒன்றா என்று பார்த்துச் சொல்லியிருப்பார்கள். எந்த மருந்து கொடுப்பது என்று தெரிந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுவினேன். ஃபில்டர், குழாய், பீய்ச்சும் கைகள், கதவு ரப்பரின் ஒவ்வொரு மடிப்பு, எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். புது ஹீட்டரை மாட்டி, சென்சாரை அதன் இடத்தில் வைத்து, ரெசிஸ்டரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். உப்புச் சாக்கைத் தள்ளி வைத்துவிட்டு, கடை உப்பு வாங்கி நிரப்பினேன். பிறகு வெறும் மெஷினை எழுபதில் இரண்டு தடவை ஓட்டினேன். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு மெஷினையும் கழுவியதில்லை.

ஜெனி பிழைத்தாள். ஆனால் வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றி, மாத்திரையும் உடம்பில் தங்காமல் வெளியே போய், அவள் அப்பா கொடுத்த சிறுநீரகம் செத்துப்போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், பழையபடி. இதையெல்லாம் நான் ரிட்டயர் ஆகி, சர்வீஸ் சென்டரில் சால்வை போர்த்திக்கொண்டு, எனக்காக வாங்கிய லட்டைத் தின்றுவிட்டு வந்த வாரத்தில்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். பிலோமி அக்கா போன் செய்திருந்தார். மெஷினில் உப்பு தீர்ந்த விளக்கு எரிகிறதாம், என்ன செய்ய என்று கேட்டார்.

"அண்ணாச்சி பாத்துக்கிட மாட்டாங்களா?" என்றேன்.

"அவரு மெஷின் பக்கமே வாரதில்ல அண்ணாச்சி. எங்கிட்ட பேசியும் நாளாச்சு. சோறு வேணும்னாகூட ஜெனிகிட்டத்தான் சொல்லுதாரு. நான் குடுத்த தயிரு அவரு குடுத்தத அழிச்சிட்டுல்லா."

நான்கு மாதமாக அந்த அம்மா அதைச் சுமந்துகொண்டிருந்தார். மகளுக்கு ஆகாததைக் கொடுத்த தாய் என்று வீட்டிலும் பெயர், தன் மனதிலும் பெயர். நான் சால்வையை மடித்து பீரோவில் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் போனேன். நடு அறையில் ஜெனி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முந்தின நாள் டயாலிசிஸ் ஆன களைப்பு. கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. அண்ணாச்சி கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். "வாரும்" என்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், உப்பிலிருந்து.

அவர் சத்தம் போடுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் ஒரு ஃபிட்டர் இன்னொரு ஃபிட்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"சென்சார் எடத்துல ரெசிஸ்டர் வச்சீரு."

"ஆமா."

"நான் போன் போட்டு ஆவி வரலன்னு சொன்னேன்லா?"

"சொன்னீங்க."

"சம்ப்புல வெள்ளத் தண்ணி இறங்குனதயும் சொன்னேன்."

"சொன்னீங்க அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்திரத்தப் பத்திக் கேட்டப்போ நீரு பொறத்தாலதான நின்னீரு?"

"ஆமா."

அவர் கையை முட்டியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனது வராது. மெஷினை ஓட வைப்பதுதான் நம் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். அதில் எது வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்வதுதான் நம் வேலையில் முக்கால் பங்கு. ஓடாத மெஷின் முன்னால் மனிதர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள், சட்டியில் வெந்நீர் வைப்பார்கள். ஓடுகிற மாதிரி நாம் காட்டிய மெஷினை நம்பித்தான் கெட்டுப்போவார்கள். சொல்லாமல் விட்டது தெரிந்துவிட்டால், அன்றைக்கே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். நான்கு மாதம் தள்ளியவன் சொல்கிறேன்.

பிலோமி அக்கா எப்போது அடுப்பங்கரையிலிருந்து வந்தார் என்று தெரியவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும்.

"அப்போ தயிரு இல்லியா அண்ணாச்சி?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சொல்லுங்க. நான் குடுத்த தயிரு இல்லியா?"

எனக்குத் தெரியாது, தம்பிகளா. எனக்கு மட்டுமல்ல, இனி யாருக்கும் தெரியாது. தயிராக இருக்கலாம். தட்டில் ஒட்டியிருந்த சம்ப்புத் தண்ணீராக இருக்கலாம். இரண்டுமாக இருக்கலாம். தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் பிரஷ் போட்டுத் தேய்த்து, எழுபது டிகிரியில் இரண்டு தடவை அலசிச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் அங்கே போனேன். அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் இருந்த உண்மை "தெரியாது" என்பதுதான்.

அண்ணாச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் இன்ஜின் பார்த்தவர். அனுமானம் எது, ஆதாரம் எது என்று அவருக்குத் தெரியும்.

"உறுதியா தெரியுமா வே?" என்று கேட்டார்.

அக்காவைப் பார்த்தேன். உள்ளே ஜெனி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றேன். "தயிர் இல்ல. என் மெஷின்தான்."

அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு முகத்தை என்னிடமிருந்து திருப்பி, நிலைப் பக்கம் பார்த்தார்.

"பிலோமி" என்றார். "காப்பி போடு. எனக்கும் ஒனக்கும்."

அந்த அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.